பட்டறை கேள்வி–பதில்: தடித்த பைப்பில் டிக் வெல்டிங்

டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு மறைப்பில், டங்ஸ்டன் நுனியிலிருந்து வரும் மின் ஆர்க்கால் உருக்கி ஒட்டுவது) பற்றி இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் டர்போ மேனிபோல்டு (எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) பற்றியவையே வரிசை கட்டி நிற்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபில் 1.8 டர்போ எஞ்சினை ஏற்றுகிறோம். மேனிபோல்டை ஒன்றேகால் அங்குல ஷெட்யூல் 40 (சுவர்க் கனத்துக்கான தர எண்) எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) எல்போக்களில் (வளைவுத் துண்டுகள்) கட்டுகிறேன். வெளியே பீட் (வெல்டு வரி) அடுக்கடுக்காக அழகாக விழுகிறது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் சில இடத்தில் மூட்டுக் கோடு அப்படியே இருக்கிறது; சில இடத்தில் கறுத்துப் பொரிந்து நிற்கிறது. ஆம்பியரைக் கூட்டினால் ஓட்டை விழுகிறது. என்ன செட்டிங் வைக்கலாம்?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. மூட்டுக் கோடு தெரிவது உருக்கம் உள்ளே இறங்காததால். கறுத்துப் பொரிவது உள்பக்கம் ஆர்கான் இல்லாததால். பொரிவுக்கான விடை அடுத்த கேள்வியில் வருகிறது. முதலாவதற்கு மெஷின் பட்டனைத் திருகிப் பயனில்லை. மூட்டைத் தயார் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது.

ஷெட்யூல் 40-இல் ஒன்றேகால் அங்குல பைப்பின் வெளிவிட்டம் 42.2 மி.மீ., சுவர் 3.56 மி.மீ. இந்தக் கனத்தை முனை சரிக்காமல் முட்ட வைத்து மேலிருந்து உருக்கினால், அடிவரை போவதற்குள் உருகு குட்டை அகலமாகிவிடும். இன்னும் சூடேற்றினால் மொத்தமாக விழும். ஷெட்யூல் 10-இல் சுவர் 2.77 மி.மீ.தான், அதில் லேசாக முனை தட்டி ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். எடை குறையும், கேஸும் மிச்சம். 40-தான் வேண்டும் என்று ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் வி-வெட்டு போட்டே ஆக வேண்டும்.

அதற்கு முன் எல்போ வெட்டு. வெட்டும் தளம் வளைவின் மையப் புள்ளி வழியாகப் போக வேண்டும். அப்போதுதான் வெட்டு முகம் வட்டமாக இருக்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் முட்டை வடிவாகி அடுத்த துண்டோடு விளிம்பு பொருந்தாது. நீள ஆர எல்போவில் வளைவு ஆரம் 48 மி.மீ. ஆகவே ஒவ்வொரு டிகிரிக்கும் வெளி முதுகில் 1.2 மி.மீ., உள்வயிற்றில் 0.46 மி.மீ. வரும். 30 டிகிரித் துண்டு வேண்டுமானால் முதுகில் 36, வயிற்றில் 14 அளந்து, இரண்டு புள்ளியையும் பட்டை டேப்பால் சேர்த்துக் கோடு போட்டு வெட்டுங்கள். கண்மட்டத்தில் வெட்டிவிட்டு இடைவெளியை ராடால் (உருக்கிச் சேர்க்கும் நிரப்புக் கம்பி) நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பாதி மேனிபோல்டுகளைக் கெடுக்கிறது.

வெட்டிய முனையை ஒரு பக்கத்துக்கு 37 டிகிரி அளவில் சரித்து, அடியில் 1 மி.மீ. உதடு (சரிக்காத விளிம்பு) விடுங்கள். உள்பக்கப் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, உள்ளும் புறமும் 20 மி.மீ. தூரத்துக்கு எஸ்எஸ்ஸுக்கென்றே ஒதுக்கிய பிரஷ்ஷால் தேய்த்து அசிட்டோனில் துடையுங்கள். மைல்டு ஸ்டீல் தேய்த்த டிஸ்க்கை எஸ்எஸ்ஸில் வைத்தால் இரும்புத் துகள் பதிந்து பிறகு துருப்பிடிக்கும்.

இடைவெளிக்கு ஒரு 2.4 மி.மீ. ராடை வி போல் வளைத்து இரண்டு துண்டுக்கும் நடுவே வையுங்கள். டேக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) போட்டதும் உலோகம் இழுத்துச் சுருங்கும். முடிவில் 2 மி.மீ. சுற்றி நிற்கும். 1.6 மி.மீ. ராடால் ரூட் (மூட்டின் அடியில் போடும் முதல் ஓட்டம்) ஓட்டுவதற்கு அது சரியான அளவு. டேக் நான்கு, ஒவ்வொன்றும் 6 முதல் 8 மி.மீ., எதிரெதிராக. டேக் போடும்போதே உள்ளே ஆர்கான் ஓட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு ரூட் முழுதும் சுத்தமாக வந்தாலும் அந்த நான்கு இடம் மட்டும் கறுத்து நிற்கும். ஒவ்வொரு டேக்கின் இரு முனையையும் மெல்லிய டிஸ்க்கால் சரிவாகத் தேய்த்து விடுங்கள். தேய்க்காத டேக்கின் மேல் ஏறும்போது குட்டை திணறும்; அந்த இடத்தில்தான் அடி பிடிக்காமல் போகிறது.

இப்போது செட்டிங். டிசி, டார்ச் மைனஸில். 2.4 மி.மீ. லாந்தனம் டங்ஸ்டன், 25 டிகிரிக் கூர், நுனியை ஒரு மயிரளவு மழுக்கியது. கேஸ் லென்ஸ் (கேஸைச் சீராகப் பரப்பும் சல்லடை), 8-ஆம் எண் கப் (டார்ச் முனைக் கிண்ணம்), நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். கால் பெடல் இருந்தால் மெஷினை 120-இல் வைத்துக் காலால் ஆளுங்கள். பெடல் இல்லையென்றால் ரூட்டுக்கு 75–80, அடுத்த ஓட்டத்துக்கு 90–100-இல் தொடங்குங்கள். அணையும்போது ஆம்பியர் 4 வினாடியில் இறங்க வேண்டும். அணைந்த பிறகு கேஸ் 10 வினாடி ஓட வேண்டும்.

ரூட் ஓட்டும் கை. ஒரு டேக்கின் சரிவில் ஆர்க் பிடித்து, உதடு இரண்டும் உருகிச் சாவித் துவாரம்போல ஒரு சிறு ஓட்டை திறக்கும்வரை நில்லுங்கள். அந்தத் துவாரம் ராடைப்போல இரண்டு மடங்கு அகலம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. ராடைத் துவாரத்தின் முன்விளிம்பில் தொட்டுக் கொடுத்து, இடம் வலம் இரண்டு உதட்டையும் நனைத்து, முன்னேறுங்கள். துவாரம் மூடிக்கொண்டால் அடி பிடிக்கவில்லை என்று பொருள். அகன்றுகொண்டே போனால் சூடு ஏறிவிட்டது. ராடைக் கூடக் கொடுத்து, பெடலில் 10 ஆம்பியர் குறையுங்கள். ஆர்க் நீளம் 2 மி.மீ.க்குள். டார்ச் போகும் திசைக்கு எதிராக 10–15 டிகிரி சாய்ந்திருக்கட்டும். ராடைப் படுத்தாற்போலப் பிடியுங்கள். நுனி கேஸ் மறைப்பை விட்டு வெளியே வந்தால் ஆக்ஸைடு ஏறும், அடுத்த சொட்டில் அந்த அழுக்கு உள்ளே போகும்.

மூட்டின் சுற்றளவு 13 செ.மீ.தான். அதையும் ஒரே மூச்சில் சுற்ற வேண்டாம். இத்தனை சிறிய பைப்பில் கடைசிக் காலில் வரும்போது முழுத்துண்டும் சிவந்திருக்கும்; முதல் காலில் பொருந்திய ஆம்பியர் அங்கே பொருந்தாது. கால் பகுதி ஓட்டி, எதிர்ப்பக்கக் கால் பகுதிக்குப் போங்கள். அடுத்த ஓட்டம் தொடங்கும் முன் பைப் 150 டிகிரிக்குக் கீழே இறங்கட்டும். சூடு காட்டும் சாக்பீஸ் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றி அவசரப்படுத்தாதீர்கள்.

மேல் ஓட்டத்தில் கப்பைப் பைப்பில் ஊன்றி மணிக்கட்டை ஆட்டி நடத்துவது நேரான பைப்பில் நன்றாக வரும். எல்போவின் வயிற்றுப் பக்கத்தில் கப் உட்காராது. அங்கே சுண்டுவிரலை ஊன்றிக் கையை மிதக்க விடுவதுதான் வழி. மெஷினில் பல்ஸ் (ஆம்பியரை ஏற்றி இறக்கும் வசதி) இருந்தால் வினாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை, தாழ்நிலை 35 சதவீதம் வைத்துப் பாருங்கள். சூடு கட்டுக்குள் நிற்கும். நிறம் பொன், செம்பொன், லேசான நீலம் என்றால் சரி. சாம்பல் நிறம் வந்தால் சூடு மிஞ்சிவிட்டது, அல்லது கேஸ் போதவில்லை.

மேனிபோல்டில் பத்து வாய் திறந்திருக்கிறது. இத்தனையையும் அடைத்து உள்ளே ஆர்கான் விடுவது நடக்கிற காரியமா? பேஸ்ட் தடவினால் போதும் என்கிறார்கள். சிலிண்டர் சீக்கிரம் காலியாகிறது.
— வாசகர், பீனிக்ஸ்

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். 35 மி.மீ. உள்விட்டத்தில் ஒரு மீட்டர் பைப்பின் கொள்ளளவு ஒரு லிட்டர்கூட இல்லை. நான்கு ரன்னரும் (சிலிண்டருக்கு ஒன்றாக வரும் குழாய்) கலெக்டரும் (அவை ஒன்றுசேரும் இடம்) சேர்ந்தால் சுமார் 2 லிட்டர். உள்காற்று பத்து முறை மாற வேண்டுமென்றால் 20 லிட்டர் ஆர்கான்; நிமிடத்துக்கு 8 லிட்டரில் இரண்டரை நிமிடம். மூலைகளில் காற்று தங்கும் என்பதால் நான்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். பிறகு 3 லிட்டருக்குக் குறைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

வாய்களை அலுமினிய ஃபாயிலும் அலுமினிய டேப்பும் கொண்டு மூடுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் டேப் எரிந்து அதன் புகையே உள்ளே போகும். ஃபிளேஞ்ச் (எஞ்சின் ஹெட்டில் பூட்டும் தகடு) பக்கத்துக்கு ஒரு தகட்டில் குழாய் நிப்பிள் வைத்துப் பூட்டிவிட்டால் நான்கு போர்ட்டும் ஒரே வேலையில் அடைபடும். ஆர்கான் காற்றைவிட 1.4 மடங்கு கனம். ஆகவே கீழே விட்டு, உயரமான இடத்தில் 2–3 மி.மீ. துளையில் வெளியேற்றுங்கள். இன்னும் வெல்டு செய்யாத மூட்டுகளின் இடைவெளியையும் டேப்பால் சுற்றி, ஓட்டும் இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு போங்கள்.

கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடும்போது கவனம். வெளியேறும் துளை சிறிதாக இருந்தால் உள் அழுத்தம் குட்டையை உங்கள் முகத்தை நோக்கித் தள்ளும். ரூட் உள்வாங்கி நிற்கும். அந்த இடத்துக்கு வருமுன் ஓட்டத்தை 1–2 லிட்டராக்கிவிடுங்கள்.

பேஸ்ட் விஷயம். சோலார் ஃபிளக்ஸ் பி போன்றவை வேலை செய்யும்தான். ரூட் பொரியாமல் காக்கும். ஆனால் உள்ளே கண்ணாடிபோல ஓர் ஓடு ஒட்டிக்கொள்ளும். சைலன்சர் பைப்பில் அது உதிர்ந்தால் கவலையில்லை. டர்போவுக்கு முன்னால் உதிர்ந்தால் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் டர்பைன் இறக்கையில் போய் அடிக்கும். மேனிபோல்டுக்கு வேண்டாம். ரூட்டில் பொரிந்த துகளும் அதே மாதிரிதான் உதிரும்.

சிலிண்டர் கணக்கு: 50 லிட்டர், 200 பார் சிலிண்டரில் ஏறக்குறைய 10,000 லிட்டர் கேஸ் இருக்கும். டார்ச்சுக்கு 9, உள்ளே 3 என்று ஓட்டினாலும் 13 மணி நேரத்துக்கு மேல் ஆர்க் எரியலாம். அதற்கு முன் தீர்கிறது என்றால் கசிவு. வால்வைத் திறந்து ரெகுலேட்டரில் அழுத்தம் ஏற்றி, சிலிண்டரை மூடிவிட்டுக் கால் மணி நேரம் முள்ளைப் பாருங்கள். இறங்கினால் சோப்பு நீரைத் தடவித் தேடுங்கள்.

நன்றாக வந்த மேனிபோல்டு சில மாதத்தில் கலெக்டர் அருகே கிராக் விடுகிறது. அதே இடத்தைத் தோண்டி மறுபடி பத்தவைத்தேன். மறுபடி பக்கத்திலேயே விட்டது. ராடு மட்டமா? 304 ரக எஸ்எஸ் பைப்புக்கு 308எல் ராடு போட்டேன்.
— வாசகர், லெனேசியா

ராடு சரிதான். ஜொஹானஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அங்கே எல்லாரும் டர்போ கேட்கிறார்கள், டர்போவைத் தொங்கவிட மேனிபோல்டு கேட்கிறார்கள். ஆனால் டர்போவை யார் தாங்குவது என்று கேட்பவர் குறைவு.

எஸ்எஸ் 304 சூட்டில் மைல்டு ஸ்டீலைவிட நன்றாக நீளும். சூட்டைக் கடத்துவதிலோ அதைவிட மிகவும் மந்தம். 350 மி.மீ. ரன்னர் 800 டிகிரிக்குப் போனால் 5 மி.மீ. நீளும். அந்த 5 மி.மீ. போவதற்கு இடம் வேண்டும். நேராக, குட்டையாக, இரு முனையும் கெட்டியாகப் பூட்டிய ரன்னருக்குப் போக இடமில்லை. வெல்டின் ஓரத்தில்தான் அது தன் கோபத்தைக் காட்டும். வளைவுள்ள ரன்னர் கொஞ்சம் நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும்.

உங்கள் மேனிபோல்டில் இவற்றைப் பாருங்கள். டர்போவுக்குத் தனித் தாங்கி இருக்கிறதா? அது எஞ்சின் பிளாக்கிலிருந்து வர வேண்டும், பாடியிலிருந்து அல்ல. நீள் துளை வைத்து நகர விட வேண்டும். டவுன்பைப்பில் (டர்போவுக்குப் பின் இறங்கும் புகைக்குழாய்) நெளியும் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) இருக்கிறதா? இல்லையென்றால் எஞ்சின் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் கலெக்டர் வாங்குகிறது. ஃபிளேஞ்ச் ஒரே துண்டா? உங்கள் கடிதத்தில் எஞ்சின் சொல்லவில்லை; ஃபோக்ஸ்வாகன் 1.8 என்று வைத்துக்கொண்டால் சிலிண்டருக்குச் சிலிண்டர் 88 மி.மீ., முதலாவதிலிருந்து நான்காவது வரை 264 மி.மீ. ஃபிளேஞ்ச் 400 டிகிரிக்குப் போனால் அந்த நீளத்தில் சுமார் 1.8 மி.மீ. வளரும், 100 டிகிரியில் நிற்கும் அலுமினிய ஹெட் 0.4 மி.மீ.தான் வளரும். வித்தியாசம் ஒரு மி.மீ.க்கு மேல். அதனால்தான் போர்ட்டுகளுக்கு இடையே ஃபிளேஞ்சை அறுத்து விடுகிறோம். கடைக்கோடித் துளைகளையும் ஸ்டட்டைவிட (பூட்டும் மரைக்கம்பி) 1.5 மி.மீ. பெரிதாக விடுகிறோம்.

வெல்டிங்கிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. கலெக்டரில் நான்கு பைப் சேரும் நடு முனையில், இடம் இல்லாததால் ராடு கொடுக்காமல் வெறும் ஆர்க்கால் உருக்கி ஒட்டியிருப்பீர்கள். 308எல் ராடு உருகி உறையும்போது அதில் கொஞ்சம் பெர்ரைட் (இரும்பின் ஒரு படிக வகை) தங்கும்படி செய்திருக்கிறார்கள். சூட்டு விரிசலைத் தடுப்பது அதுதான். வெறும் 304-ஐ உருக்கினால் அந்தக் காப்பு குறைந்துபோகும். அங்கே 1.6 மி.மீ. ராடையாவது கொடுங்கள். முடிக்கும் இடத்தில் ஆர்க்கைப் பட்டென்று வெட்டினால் நடுவில் நட்சத்திரம்போல நுண்விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, சிவப்புச் சாய டெஸ்டில் தெரியும். பெடலை மெல்ல விட்டு, கடைசியாக ஒரு சொட்டு ராடு கொடுத்து, குட்டையைப் பைப்பின் பக்கம் இழுத்து அணையுங்கள்.

விரிசலை மறுபடி பத்தவைக்க வேண்டுமானால் முதலில் அதன் இரு முனையையும் சாயத்தால் கண்டுபிடித்து, 3 மி.மீ. துளை போட்டு நிறுத்துங்கள். முழு ஆழத்துக்கும் தோண்டி, உள்ளே ஆர்கான் விட்டு ரூட்டிலிருந்து தொடங்குங்கள். மேலே மட்டும் பூசினால் முன்பு நடந்ததே நடக்கும். ஆனால் தாங்கியும் பெல்லோஸும் வைக்காமல் இதைச் செய்வது கேஸுக்குப் பிடித்த தண்டம்.

எந்தத் தகட்டுக்கு எந்த ராடு? இங்கே 3சிஆர்12 தகடு மலிவாகக் கிடைக்கிறது. ஃபிளேஞ்ச் அதிலேயே வெட்டலாமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

304 பைப்போடு 304 என்றால் 308எல். 316 என்றால் 316எல். 321 கிடைத்தால் விடாதீர்கள். டைட்டானியம் கலந்தது, மேனிபோல்டு வேலை செய்யும் சூட்டில் கார்பைடு ஒதுங்கும் தொல்லை அதில் குறைவு, அதற்கு 347 ராடு. எஸ்எஸ் பைப்போடு மைல்டு ஸ்டீல் ஃபிளேஞ்ச் என்றால் 309எல் மட்டுமே. 308எல் போட்டால் மைல்டு ஸ்டீல் கலந்து நீர்த்துப்போய் வெல்டு நொறுங்கும் தன்மை பெறும். முழுக்க மைல்டு ஸ்டீல் என்றால் 70எஸ்-2 அல்லது 70எஸ்-6.

3சிஆர்12 நம் தென்னாப்பிரிக்காவிலேயே மிடில்பர்க்கில் உருவான உலோகம்; 11–12 சதவீதம் குரோமியம். குவாசூலு-நாட்டாலின் கரும்பு ஆலைகளில் எங்கும் காணலாம். ஈரம், அரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்கு நல்லது. பெட்ரோல் டர்போ மேனிபோல்டின் சூட்டுக்கு அது வேண்டாம். அந்த வெப்பத்தில் செதில் உரியும். ஃபிளேஞ்ச் ஹெட்டோடு ஒட்டி ஓரளவு குளிர்ந்தே நிற்பதால் அங்கே தாங்கலாம். டீசல் வண்டியின் பின்பைப்புக்குத் தாராளமாகப் போடலாம். 309எல் ராடு, சூடு குறைவாக, சிறு சிறு ஓட்டம். அதிகம் சுட்டால் வெல்டின் ஓரத்தில் உலோகத்தின் படிக மணிகள் பருத்து, தட்டினால் உடையும் நிலைக்கு வரும். விலை வித்தியாசம் ஒரு ஃபிளேஞ்ச் தகட்டளவுக்குத்தான் என்றால் 304-ஐ வாங்கிவிடுங்கள்.

பழைய கால்வனைஸ் தண்ணீர்ப் பைப் தடிமனாக இருக்கிறது. பூச்சைத் தேய்த்துவிட்டு மேனிபோல்டுக்குப் பயன்படுத்தலாமா?
— வாசகர், டொங்காட்

கூடாது. வெளியே தேய்க்கலாம்; உள்பக்கத் துத்தநாகத்தை எப்படித் தேய்ப்பீர்கள்? அது ஆவியாகி வெல்டில் துளைபோடும். மூச்சில் போனால் அன்றிரவே குளிர்காய்ச்சல். எஸ்எஸ்ஸோடு சேர்த்துப் பத்தவைத்தால் உருகிய துத்தநாகம் மணி இடுக்குகளில் புகுந்து விரிசலும் விடும்.

ஃபிளேஞ்ச் வாழைக்காய்போல வளைந்துவிடுகிறது. கேஸ்கெட் நிற்பதில்லை.
— வாசகர், வெருலம்

10 மி.மீ. தகட்டை விட்டுவிட்டு 12-இல் தொடங்குங்கள். கடைசியில் முகம் சீவ அரை மி.மீ. கையில் இருக்கும். 20 அல்லது 25 மி.மீ. கனமுள்ள மைல்டு ஸ்டீல் பலகையில் எல்லா ஸ்டட் துளைக்கும் மரை வெட்டி, ஃபிளேஞ்சை முழுமையாக முறுக்கிப் பூட்டுங்கள். பழைய சிலிண்டர் ஹெட் ரன்னர்களை அளந்து டேக் போட வசதியானது. முழு வெல்டிங்கையும் அதில் வைத்துச் செய்தால் அலுமினிய மரை போய்விடும்.

12 மி.மீ. தகடும் 3.5 மி.மீ. பைப்பும் ஒரே வேகத்தில் சூடாகாது. ஆர்க்கின் மூன்றில் இரண்டு பங்கைத் தகட்டின் மேல் காட்டுங்கள்; தகட்டில் குட்டை உருவான பிறகே பைப் பக்கம் சாயுங்கள். 130–140 ஆம்பியர் கேட்கும். பைப்பைத் தகட்டின் துளைக்குள் 2–3 மி.மீ. உள்ளடங்க நிறுத்தி, போர்ட் பக்கத்திலிருந்து உள்ளேயும் ஒரு ஓட்டம் போட்டு டை-கிரைண்டரில் வழித்துவிட்டால் மூட்டும் பலம், கேஸ் ஓட்டமும் தடையில்லை. அந்த உள் ஓட்டத்துக்குப் பலகையிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். அதை டேக்குக்குப் பிறகு, முழு வெளி வெல்டுக்கு முன் முடித்துவிட்டு மறுபடி பூட்டுங்கள்.

வரிசை: இரண்டாவது ரன்னரில் அரை வட்டம், நான்காவதில் அரை, முதலாவதில் அரை, மூன்றாவதில் அரை, பிறகு அதே வரிசையில் மிச்சப் பாதி. கையால் தொடும் அளவு ஆறும்வரை போல்ட்டைத் தொடாதீர்கள். கழற்றியதும் நேர்கோலை வைத்துப் பாருங்கள், 0.15 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கேயாவது நுழைந்தால் மில்லிங்குக்கு அனுப்புங்கள். ஃபிளேஞ்சை அறுத்துப் பிரிப்பது இதற்குப் பிறகுதான். முன்பே அறுத்தால் நான்கும் நான்கு மட்டத்தில் நிற்கும்.

மழைக்காலத்தில் பீட்டில் ஊசித்துளை. கேஸை 18 லிட்டர்வரை கூட்டியும் பார்த்தேன்.
— வாசகர், ஸ்டேங்கர்

கூட்டியதே ஒரு காரணம். 8-ஆம் எண் கப்பில் 18 லிட்டர் விட்டால் கேஸ் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். 9-க்குத் திரும்புங்கள். கடற்கரை ஈரக்காற்றில் காலையில் குளிர்ந்த உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். வெதுவெதுப்பாக்கித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ராடை மூடிய குழாயில் வையுங்கள். டார்ச்சின் பின்மூடியில் உள்ள ஓ-ரிங் வெடித்திருக்கிறதா பாருங்கள். அந்தச் சின்ன ரப்பர் பல நாட்களைத் தின்றுவிடும். கடல் காற்றடிக்கும் பக்கத்தில் ஒரு தட்டி. சிலிண்டரும் சுத்த ஆர்கான்தானா? மிக் வெல்டிங்குக்கான கலவை என்றால் டங்ஸ்டன் நுனி நீலக்கறுப்பாகி உருண்டுவிடும், அதிலேயே தெரிந்துவிடும்.

என் மகன் வீட்டு கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலை செய்கிறான். காற்று வந்தால் கெட்டுவிடும் என்கிறான். பால் குடித்தால் புகை முறியும் என்றும் சொல்கிறான். உண்மையா?
— ஒரு தாய், இசிபிங்கோ

அம்மா, பால் வயிற்றுக்குப் போகும்; புகை நுரையீரலுக்குப் போகிறது. முறியாது. எஸ்எஸ் வெல்டிங் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. எஃப்எஃப்பி3 முகமூடியும், ஆர்க்கின் பக்கவாட்டிலிருந்து மெதுவாக இழுக்கும் ஃபேனும் வேண்டும். கதவு திறந்தே இருக்கட்டும். காற்று நேரே டார்ச்சில் படாமல் ஒரு தடுப்பு வைத்தால் போதும். ஆர்கான் விஷமில்லை. ஆனால் சாத்திய அறையில் தரையோடு தேங்கி, மூச்சுக்கான காற்றை வெளியே தள்ளிவிடும்; மணமும் இல்லை என்பதால் மயக்கம் வரும்வரை தெரியாது.

இன்னொன்றை இன்றே அவனிடம் கேளுங்கள்: பைப்பை எதனால் துடைக்கிறான்? பிரேக் கிளீனர் என்றால் அந்த டப்பாவை வெல்டிங் மேசைப் பக்கமே வைக்க விடாதீர்கள். சில வகைகளில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. ஆர்க்கின் சூட்டிலும் ஒளியிலும் அது ஃபாஸ்ஜீன் வாயுவாக மாறும். கொஞ்சம் சுவாசித்தாலும் நுரையீரலில் நீர் கோக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத் திணறத் தொடங்கும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க உலர்ந்த பிறகு. கண்ணாடி 11-ஆம் எண் நிழல். கழுத்தை மூடும் பருத்திச் சட்டை.

மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரில் டிக் ஓட்ட எத்தனை கேவிஏ வேண்டும்?
— வாசகர், போர்ட் ஷெப்ஸ்டோன்

120 ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் 15-க்குச் சற்றுக் குறைவு. ஆக ஆர்க்கில் 1.8 கிலோவாட். இன்வெர்ட்டர் இழப்பையும், பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத மெஷின் என்பதையும் சேர்த்தால் 3 கேவிஏ சொச்சம் இழுக்கும். ஜெனரேட்டரைப் பாதிச் சுமையில் ஓட்டுவது நல்லது. 6 கேவிஏ, ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பகுதி) உள்ளதாக வாங்குங்கள். ஹை-ஃபிரீக்வென்சி ஸ்டார்ட்டை (தொடாமலே ஆர்க் பிடிப்பது) அணைத்துவிட்டு, தொட்டு எடுக்கும் லிஃப்ட் ஸ்டார்ட்டில் பிடியுங்கள், ஏவிஆர் பிழைக்கும். வயர் 2.5 சதுர மி.மீ., 20 மீட்டருக்கு மேல் வேண்டாம், சுருட்டியபடியே ஓட்டவும் வேண்டாம்.

ஜெனரேட்டர் எந்த நொடியும் நிற்கலாம் என்பதால் ரூட் ஓட்டத்தை மட்டும் கரண்ட் இருக்கும்போது முடித்துக்கொள்ளுங்கள். பாதி ரூட்டில் ஆர்க் அறுந்தால் முடிவுக் குழியில் விரிசல் நிச்சயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, 10 மி.மீ. பின்னோக்கித் தேய்த்து எடுத்துவிட்டு அங்கிருந்து தொடருங்கள்.